தொடர்புள்ள மக்கள்தொகை

வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்கள் சாகக் கூடாது என்பது கவாகுச்சி நகரத்து வீட்டுத் தரகர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்திருந்த முடிவு. யாரும் அதை எழுதி மாட்டவில்லை. ஆனால் குரிஹாரா சுமியே எந்தத் தரகர் கடைக்குள் நுழைந்து, வயது அறுபத்து மூன்று, தனி ஆள் என்று சொன்னாலும், எதிரில் இருப்பவர் தேநீர்க் கோப்பையைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு அவள் முகத்தை அனுதாபத்தோடு பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நல்லா தெம்பாத்தான் இருக்கீங்க. ஆனா ஒருவேளை ஆயிட்டா? நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் அக்கம்பக்கத்துக்கே தெரிய வரும். அப்புறம் அந்த வீட்டுக்கு எவன் குடி வருவான்? வீட்டுக்காரர் பாவம் இல்லியா?"

வீட்டுக்காரருக்காகச் சுமியேயும் வருத்தப்பட்டாள். ஆயுள் முழுக்கச் சலவைக் கடையில் முன்மேசையில் நின்று, கறை போகவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தலை குனிந்து பழகியவள். அவள் குடியிருந்த மரவீட்டை வசந்தகாலத்தில் இடிக்கப்போகிறார்கள். அதற்குள் ஒரு கூரை கிடைத்தாக வேண்டும், அதுவும் கண்ணை மூடுகிற வரைக்கும் யாரும் எழுப்பிவிடாத கூரையாக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை.

அந்தப் பழைய வீட்டில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாலையில் கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்பாள். அம்மா உயிரோடு இருந்தவரை உள்ளேயிருந்து "வந்தியா" என்று குரல் வரும். அம்மா போனது சுமியேயின் மனசுக்குத் தெரிந்துவிட்டது, நாக்குக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாகக் காலி அறையைப் பார்த்து "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள்.

டோக்கியோவில் ஊர் மாறுவோர் பெருவிழா நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனாள். நாட்டில் ஆள் இல்லாமல் காய்ந்து கிடக்கும் ஊர்கள் எல்லாம் ஒரே மண்டபத்தில் கடை விரித்திருந்தன. வெங்காயத்தாள் வேஷம் போட்ட ஒருவர், கரடி வேஷம் போட்ட ஒருவர், வெந்நீர் ஊற்று வேஷம் போட்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்த ஒருவர் என்று ஆளாளுக்கு வருவோர் கையைப் பிடித்து இழுத்தார்கள். சுமியேயின் கையை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு மரியாதையாக விட்டுவிட்டார்கள்.

"எங்க ஊர்ல ஒரு குழந்தைக்குப் பத்து லட்சம் யென் குடுக்கிறோம்" என்றார் கடலோர ஊர்க்காரர் ஒருவர்.

"எனக்குக் குழந்தை இல்லீங்க."

"இனிமே?"

"அறுபத்து மூணு வயசு ஆகுதுங்க."

அவர் தன் தாளில் 'பரிசீலிக்கிறார்' என்று எழுதிக்கொண்டு, நினைவாக ஒரு முள்ளங்கி கொடுத்து அனுப்பினார்.

முள்ளங்கியைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனபோதுதான் மூலையில் அந்தக் கடையைப் பார்த்தாள். வேஷக்காரர் யாரும் இல்லை. ஒகுகிரி பேரூர், குடியேற்ற ஊக்குவிப்புப் பிரிவு என்று ஒரு பலகை. அதன் பின்னால் ஹிராகுரி என்ற அதிகாரி, ஐம்பது வயதிருக்கும், கையில் வண்டிகளை எண்ணுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அமுக்கினால் 'டிக்' என்று ஒரு எண் கூடும் கருவி, அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வயசு?" என்றார்.

சொன்னாள்.

"தனி ஆளா?"

"ஆமாங்க."

"ஒத்து வரலேன்னா திரும்பிப் போக இடம் இருக்கா?"

"இல்லீங்க."

ஹிராகுரி எழுந்து நின்றுவிட்டார். "அருமை! உக்காருங்கம்மா, உக்காருங்க. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் காலையிலேர்ந்து தேடிக்கிட்டு இருக்கேன்."

அறுபத்து மூன்று வயதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் மனிதர் அவர்தான். சுமியேவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டின் படத்தைக் காட்டினார். மலையடிவாரம், பின்னால் ஓடை, வாசலில் ஒரு பிளம் மரம். வாடகையோ, கவாகுச்சி ரயில் நிலையத்தில் சைக்கிள் நிறுத்தக் கேட்கும் தொகைதான். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் முன்னோர் மாடம் ஒன்று இருக்கிறது, பழைய குடும்பத்தினர் அதை எடுத்துப் போகவில்லை, தினமும் காலையில் அதற்கு ஒரு கைப்பிடிச் சோறும் தண்ணீரும் வைத்து ஊதுபத்தி ஏற்ற வேண்டும்.

"யாரோட முன்னோருங்க?"

"நெகிஷி குடும்பம். மொத்தம் எட்டுப் பேர். ரொம்ப அமைதியான ஆளுங்க" என்றார் ஹிராகுரி.

முதலில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம் என்றார்கள். போனாள். படத்தில் இருந்ததெல்லாம் இருந்தது, ஓடை கூட. படத்தில் இல்லாதது, அந்தச் சரிவில் இருந்த வீடுகளில் எதிலும் ஆள் இல்லை என்பது. எல்லா வீட்டுக்கும் முன்னால் புல் வெட்டியிருந்தது, எல்லா வீட்டிலும் திரை போட்டிருந்தது, மாலையானால் ஒன்றிலும் விளக்கு எரியாது. எதிர்வீட்டில் மட்டும் கோசெகி தாமே என்ற எழுபத்தெட்டு வயதுக்காரி காய்கறித் தோட்டம் போட்டுக்கொண்டு, தன் கத்திரிச் செடிகளைத் திட்டியபடி இருந்தாள். வீட்டுக்கு வீடு பொருத்தியிருக்கும் நிலநடுக்க எச்சரிக்கைப் பெட்டியில் மாலை ஐந்து மணிக்கு ஒரு பாட்டு வரும். ஆளில்லாத வீடுகளிலும் அந்தப் பாட்டு சேர்ந்து பாடும்.

முதல் நாள் கடைக்குப் போய்விட்டு வந்தாள். கதவை நகர்த்தினாள். நாக்கு தன் வேலையைச் செய்தது.

"வந்துட்டேன்."

"வந்தியா" என்றது அடுக்களை.

"ஆமா, வெளிய என்ன குளிரு" என்று சுமியே சொல்லியே விட்டாள். ஒரு செருப்பைக் கழற்றியும் விட்டாள். அதற்குப் பிறகுதான் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அடுக்களையில் யாரும் இல்லை. அடுப்பில் ஏற்றாத கெண்டி அப்படியே இருந்தது. மாடத்தில் காலையில் வைத்த தண்ணீர்க் கிண்ணம் மட்டும் பாதிக்குக் குறைந்திருந்தது.

மறுநாள் தாமேயிடம் போய்ச் சொன்னாள்.

"அதுவா? நெகிஷி வீட்டு நொபுயேதான் அது" என்றாள் தாமே, களை பிடுங்கியபடி. "நல்ல பொம்பள. கொஞ்சம் வாய். செத்து ஆறு வருஷமாச்சு. என்னத்துக்கு மொகம் வெளுக்குது உனக்கு? பேய் வீட்டுக்குச் சைக்கிள் வாடகை குடுக்குற, பேய் இல்லாத வீடு வேணும்னா பிளேன் டிக்கெட்டு விலை ஆகும் புள்ள."

அந்த வாரத்தை எப்படிக் கழித்தாள் என்பது சுமியேவுக்கே தெரியாது. இரவில் கூடத்துப் பாய்கள் யாரோ நடப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்கும். பயத்தில் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடப்பாள். கடைசி நாள் காலையில் பெட்டியைக் கட்டினாள். வீடு வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்துவிட்டாள். வாசலைத் தாண்டினாள். தாண்டும்போது, அறுபது வருஷப் பழக்கம் விடுமா?

"போயிட்டு வரேன்" என்றாள்.

"போயிட்டு வா" என்றது உள்ளிருந்து.

படலுக்கு வெளியே சாவி வாங்க நின்றிருந்த ஹிராகுரியின் கையில் 'டிக்' என்று சத்தம் கேட்டது.

"வாழ்த்துக்கள்" என்றார். "குடியேறிட்டீங்க."

"ஐயோ, இல்ல சார். வீடு வேணாம்னு சொல்லத்தான்..."

"விருந்தாளின்னா 'தொந்தரவு குடுத்துட்டேன்'னு சொல்லிட்டுப் போவாங்க. நீங்க அப்படிச் சொல்லல. வாசலைத் தாண்டும்போது 'போயிட்டு வரேன்'னு சொல்றவங்க எங்க போனாலும் இந்த ஊர்க்காரங்கதான். பேரூர் விதி. மேயர் தன் கையால எழுதினது."

"நான் சும்மா வாய் தவறி..."

"சாட்சி இருக்கும்மா. நான் கேட்டேன். உள்ள இருக்கிறவங்களும் கேட்டாங்க, பதிலும் சொன்னாங்க. ரெண்டு சாட்சி ஆச்சு."

பேருந்தில் உட்கார்ந்து சுமியே யோசித்தாள். கவாகுச்சியில் இடிக்கப்போகும் வீடு. தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைக்கும் தரகர்கள். அன்று காலைக்கு முன் 'போயிட்டு வா' என்று தன்னிடம் ஒருவர் சொல்லி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது என்பதும் ஞாபகம் வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வசந்தகாலத்தில் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தாள்.

வரவேற்பு விழா பேரூர் மண்டபத்தில் நடந்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள். ஆட்கள் இருந்தது முன்வரிசையில் பாதி. மற்ற நாற்காலிகளுக்கும் முன்னால் ஒவ்வொரு கோப்பை தேநீர் ஆவி பறக்க வைத்திருந்தார்கள். மேயர் தோதோரோகி பேச எழுந்தார். அவருடைய குடும்பப் பெயருக்கு இடிமுழக்கம் என்று பொருள், அதற்கு அவர் துரோகம் செய்ததே இல்லை.

"அன்பார்ந்த ஒகுகிரி மக்களே! உட்கார்ந்திருப்பவர்களே, உட்கார்ந்திருப்பதுபோல் தெரியாதவர்களே! நம் மக்கள்தொகை மூவாயிரத்துக்குக் கீழே போனால் பக்கத்து நகரத்தோடு நம்மை இணைத்துவிடுவோம் என்கிறது மேலிடம். இணைத்தால் என்ன ஆகும்? ஓர் ஊருக்கு இரண்டு மேயர் இருக்க முடியாது. அதாவது, நம் பண்பாடு அழியும். மேலிடமே ஒரு வழியும் சொன்னது. ஊரில் குடியிராவிட்டாலும் ஊரோடு உறவு வைத்திருப்பவர்களைத் 'தொடர்புள்ள மக்கள்தொகை' என்று எண்ணிக்கொள்ளலாமாம். நான் யோசித்தேன். நம் ஊரோடு மிக நெருங்கிய உறவு வைத்திருப்பவர்கள் யார்? மேலே மலையில் கல்லுக்கடியில் இருப்பவர்கள்தானே! அவர்கள் எங்கே போனார்கள்? மலைக்குத்தான் போனார்கள். மலை யார் எல்லையில் இருக்கிறது? நம் எல்லையில்!"

தாமே மட்டும் கை தட்டினாள். கொசு அடித்தாள் என்று பிறகு தெரிந்தது.

"வரி கட்டுவதில்லை என்பார்கள். உயிரோடிருப்பவர்களில் எத்தனை பேர் கட்டுகிறீர்கள் என்று நான் கேட்டேனா? சென்ற ஆண்டு பேரூர்ச் சேவையில் திருப்திதானா என்று ஓர் ஆய்வு நடத்தினோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எந்தக் குறையும் சொல்லவில்லை. அந்தத் தொண்ணூறு பேர் யாரென்று உங்களுக்கே தெரியும். அவர்களைப் போன்ற குடிமக்களுக்காகத்தான் நான் பதவியில் இருக்கிறேன். ஆனால் மேலிடம் ஒரு கொக்கி போட்டது. செத்தவரைப் பேணும் ஓர் உயிருள்ள ஆள் அந்த வீட்டில் இருக்க வேண்டுமாம். இதோ, குரிஹாரா அம்மையார்! ஒருவர் வந்தார், ஒன்பது பேரானோம். இவருக்கும் வயதாகிறது. பிற்காலத்தில் இவரும் நம்மைவிட்டுப் போகமாட்டார், ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறுவார், அவ்வளவுதான்!"

சுமியே எழுந்து, பழக்க தோஷத்தால், தலை குனிந்து நன்றி சொன்னாள்.

மழைக்காலம் வந்தது. அவளுக்கு வீடு பழகியது. சொல்லப்போனால், பிடித்துப்போனது. ஓடைத் தண்ணீரில் அரிசி களைவாள், மாடத்துக்குச் சோறு வைப்பாள், தாமேயிடம் வசவு வாங்கிக்கொண்டு தோட்டத்தில் உதவுவாள். மாலையில் வேண்டுமென்றே ஒருமுறை வெளியே போய்விட்டு வருவாள். "வந்துட்டேன்." "வந்தியா." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு தூரம் நடப்பாள். அது சிரிப்புக்கிடமான காரியம் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் அதை விட்டுவிடவில்லை.

ஒரு நாள் நல்ல மழை. நனைந்து வந்து கதவைத் திறந்து "வந்துட்டேன்" என்றாள்.

"வந்தியா, மசா?" என்றது குரல்.

சுமியே கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"மசா அவ மகன்" என்றாள் தாமே. அன்று அவள் கேலி செய்யவில்லை. "மசாயாசு. பதினெட்டு வயசுல நகோயாவுக்கு வேலைக்குப் போனான். வாசல்ல நின்னு 'போயிட்டு வரேன்'னான். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் வரவே இல்ல. ஆத்தா செத்ததுக்கும் பணம்தான் வந்துச்சு. மாடத்த வெச்சுக்க எடமில்லன்னு வீட்ட மாடத்தோட பேரூருக்கு எழுதிக் குடுத்துட்டான். அவ இன்னும் அடுக்களைய விட்டு நகராம உக்காந்திருக்கா. கதவு தெறந்தா அவன்தான்னு நெனப்பு."

சுமியே வீட்டுக்கு வந்து அடுக்களை வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த "வந்தியா" எதுவுமே தன்னுடையது இல்லை. வேறு ஒருவனுக்கு வைத்த சோற்றைத் தான் தினமும் தின்றுவந்ததுபோல அவளுக்கு வெட்கமாக இருந்தது, வலிக்கவும் செய்தது. அதன் பிறகு சில நாட்கள் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்தாள். உள்ளே ஏதோ ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

ஆகஸ்ட் வந்தது. செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் ஓபோன் நாட்கள். பதிமூன்றாம் தேதி மாலை வாசலில் சணல் தண்டு கொளுத்தி அழைப்பது, பதினாறாம் தேதி மறுபடி கொளுத்தி வழியனுப்புவது வழக்கம். வரும்போது சீக்கிரம் வரட்டும் என்று வெள்ளரிக்காயில் நாலு குச்சி செருகிக் குதிரை செய்வார்கள். போகும்போது மெதுவாகப் போகட்டும் என்று கத்திரிக்காயில் நாலு குச்சி செருகி மாடு செய்வார்கள்.

பதினான்காம் தேதி எச்சரிக்கைப் பெட்டி கரகரத்தது. மேயரின் குரல்.

"மக்களே, ஓர் ஆபத்து! மேலிடத்துக் கணக்கர்கள் பதினேழாம் தேதி வருகிறார்கள். பதினாறாம் தேதி நாம் வழியனுப்பினால் அவ்வளவு பேரும் வீட்டைவிட்டு வெளியேறியதாக ஆகிவிடும்! ஆகவே இந்த ஆண்டு வழியனுப்பும் தீ கிடையாது. கத்திரிக்காய் மாட்டுக்கு மறு உத்தரவு வரும்வரை தடை. கத்திரிக்காயை வதக்கலாம், சுடலாம், ஊறுகாய் போடலாம். கால் செருகக் கூடாது."

ஹிராகுரி வீடு வீடாக வந்து தோட்டத்துக் கத்திரிக்காய்களைச் சோதித்தார். நீளமாக, முதுகு வளைந்து, மாட்டுக்கு ஏற்றவையாக இருந்ததை எல்லாம் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டார்.

"வெக்கமா இல்ல உனக்கு? எங்காயத் திருடித் திங்கவா படிச்ச?" என்றாள் தாமே.

"உத்தரவும்மா" என்றார். அவர் கண்கள் தூங்காத கண்களாக இருந்தன.

கணக்கர்கள் வந்தார்கள், எண்ணினார்கள், திருப்தியோடு போனார்கள். ஆனால் தடை நீங்கவில்லை. மேலிடம் இனி எப்போது வேண்டுமானாலும் வரலாமாம்.

பதினெட்டாம் தேதி காலை சுமியே எழுந்து வந்து பார்த்தபோது, செருப்பு அலமாரியின் அடியில் கிடந்த பழைய மரச்செருப்புகள் எட்டு ஜோடியும் வாசற்படியில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் முனையும் தெருவைப் பார்த்திருந்தது. புறப்படத் தயாராக நிற்கிறவர்களின் செருப்பு அப்படித்தான் இருக்கும். எடுத்து உள்ளே வைத்தாள். மறுநாளும் வாசற்படியில் இருந்தன. சரிவில் இறங்கிப் பார்த்தாள். ஆளில்லாத வீடுகளின் வாசல்களிலும் செருப்புகள். திரைகளுக்குப் பின்னால் நெரிசல். ரயில் வராத நடைமேடையில் ஜனங்கள் பேச்சில்லாமல் நிற்பதுபோல் அந்தச் சரிவு முழுக்க ஒரு தவிப்பு. ஐந்து மணிப் பாட்டு வந்தபோது அது ஒரு முனகலாகக் கூடவே எழுந்தது.

அன்று அடுக்களையில் "வந்தியா" கேட்கவில்லை. விசும்பல் கேட்டது.

சுமியே எதிர்வீட்டுக்கு நடந்தாள். "அக்கா, ஒரு கத்திரிக்கா இருக்கா?"

தாமே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இது தெரிஞ்சா ஒன்ன வீட்ட விட்டுத் தொரத்திடுவாங்க. அவளையும் அனுப்பிட்டு, நீயும் தெருவுல நிப்பியா?"

"தெரியும்கா."

"அப்புறம் ஒனக்கு வந்தியான்னு கேக்கக்கூட நாதி இருக்காது."

"அது என்னைக் கேட்டதில்லக்கா" என்றாள் சுமியே. அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது.

தாமே உள்ளே போய், ஊறுகாய் ஜாடிக்குள் கல்லுக்கடியில் ஒளித்து வைத்திருந்த கத்திரிக்காயை எடுத்து வந்தாள். உப்பில் ஊறிச் சுருங்கியிருந்தது. நாலு குச்சி செருகியதும் கிழட்டு மாடுபோல் சாய்ந்து நின்றது.

பொழுது சாயும் நேரம் வாசலில் சணல் தண்டைக் கொளுத்தினார்கள். புகை எழுந்ததுமே படலுக்கு வெளியே ஹிராகுரி வந்து நின்றார். கையில் எண்ணும் கருவி.

"அணைச்சிடுங்கம்மா" என்றார்.

யாரும் அணைக்கவில்லை. அவரும் உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வீட்லயும் அம்மா செருப்பு வாசல்ல இருக்கு" என்றார். "மூணு நாளா. நான் உள்ள எடுத்து வைக்கிறேன், அம்மா மறுபடி எடுத்து வைக்குது. எங்க வீடு மேல இருக்கு. மலைக்குப் போறதுக்கு இந்த வழியாத்தான் போகணும். ஓரமா நின்னுக்கட்டுமா?"

"நில்லு, நில்லு. கத்திரிக்காத் திருடனுக்கும் ஆத்தா ஒருத்திதான்" என்றாள் தாமே.

சுமியே திறந்திருந்த வாசலைப் பார்த்துத் தலை குனிந்தாள்.

"நொபுயே அக்கா, நான் மசா இல்ல. இத்தனை நாளா வந்துட்டேன், வந்துட்டேன்னு உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க. மசா வரமாட்டான்க்கா. நீங்க காத்திருந்தது போதும். போயிட்டு வாங்க."

வாசற்படியில் ஒரு மரச்செருப்பு தட்டியது. பிறகு இன்னொன்று. புகை ஆளுயரத்தில் பிளந்து பிளந்து சேர்ந்தது. சரிவு முழுக்கக் கதவுகள் நகரும் சத்தம். கடைசியாக, சுமியேயின் தோளுக்குப் பக்கத்தில், மூச்சுப் படும் தூரத்தில் அந்தக் குரல் கேட்டது.

"போயிட்டு வரேன், சுமியே."

தாமே வாயைப் பொத்திக்கொண்டாள். ஹிராகுரி தெருவோரத்தில் முழங்காலிட்டுக் கிடந்தார். கருவியை அமுக்கவில்லை.

மறுநாள் விசாரணை. மேயரும் குழுவினரும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒன்பது பேர் இருந்த வீட்டை ஒரே நாளில் ஒற்றை ஆள் வீடாக்கியிருக்கிறீர்கள்!" என்றார் மேயர். "அந்தச் சரிவு முழுக்கக் காலி! உங்களுக்கு வீடு கொடுத்தது உங்களுக்காகவா? நாளைக்கே காலி செய்யுங்கள்!"

சுமியே எழுந்தாள். சலவைக் கடையில் ரசீதைக் காட்டிப் பேசும் அதே தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஐயா, வாசலைத் தாண்டும்போது 'போயிட்டு வரேன்'னு சொல்றவங்க எங்க போனாலும் இந்த ஊர்க்காரங்கதான்னு விதி இருக்குங்களே?"

"இருக்கிறது. நான் எழுதியது. அதற்கென்ன?"

"நொபுயே அக்கா அப்படிச் சொல்லிட்டுத்தான் போனாங்க."

மேசையில் சலசலப்பு. மேயர் திரும்பினார். "ஹிராகுரி! நீ அங்கே இருந்தாயா? கேட்டாயா?"

ஹிராகுரி எழுந்தார். இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் அவர் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. "கேட்டேன் ஐயா" என்றார். "எல்லாரும் சொன்னாங்க. எங்க அம்மாவும் சொல்லிச்சு."

மேயரின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் யாரும் வெளியேறவில்லை! தற்காலிகமாக வெளியே போயிருக்கிறார்கள்! எண்ணிக்கை அப்படியே இருக்கிறது! இதை நான் எவ்வளவு தொலைநோக்கோடு எழுதியிருக்கிறேன் பாருங்கள்!" சுமியேவை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். கத்திரிக்காய்த் தடை நீங்கியது. தன் விதியின் பெருமையை விளக்க மேயர் மூன்று ஊர்களுக்குப் போய்ச் சொற்பொழிவு செய்தார்.

வீடு நிலைத்தது. வீடு ஊமையாகவும் ஆனது. இலையுதிர் காலத்தில் ஒரு மாலை சுமியே கதவைத் திறந்தாள். பதில் வராது என்று தெரிந்தே சொன்னாள்.

"வந்துட்டேன்."

"வந்தீங்களா!" என்றது ஒரு குரல், பளிச்சென்று. "ஒகுகிரி பேரூர் உங்களை அன்போடு வரவேற்கிறது. இன்றும் நீங்கள் எங்களோடு இருப்பதற்கு நன்றி."

எச்சரிக்கைப் பெட்டி. கதவு நகர்ந்தால் பேசும்படி எல்லா வீட்டிலும் மாற்றியிருந்தார்கள். யாராவது பதில் சொன்னால் குடியேறியவர்கள் ஊரைவிட்டுப் போவதில்லை என்று ஆராய்ச்சியில் தெரியவந்ததாம். ஆராய்ச்சி சுமியேயைப் பற்றியதுதான். காற்றுக்குக் கதவு ஆடினால் காலி வீடுகள்கூட ஒன்றையொன்று வரவேற்றுக்கொண்டிருந்தன. அதைக் கேட்டுச் சுமியே நடுங்கியதுபோல் நொபுயேயின் குரலுக்கு முதல் நாள்கூட நடுங்கியதில்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்து ஒயரை நறுக்கினாள்.

பனிக்காலம் முழுக்க அந்த வீட்டில் யாரும் யாரையும் 'வந்தியா' என்று கேட்கவில்லை. ஆனாலும் காலையில் சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள்.

மறு ஆகஸ்ட், பதிமூன்றாம் தேதி மாலை. வாசலில் சணல் தண்டு எரிந்தது. வெள்ளரிக் குதிரையின் கால் சரியாக இல்லை என்று தாமே வைதுகொண்டிருந்தாள். ஹிராகுரி கணக்கெடுக்கக் கருவியோடு வந்து, படலைத் தாண்டாமல் நின்றார். சுமியே வெளியே இல்லை. இந்த முறை அவள் வீட்டுக்குள், அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள்.

தெருவில் மரச்செருப்புச் சத்தம் ஏறி வந்தது. படல் திறந்தது. சத்தம் வாசற்படியில் வந்து நின்றது.

"வந்துட்டேன்."

அந்தச் சொல்லைச் சுமியே வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"வந்தீங்களா, அக்கா" என்றாள்.

வெளியே 'டிக்' என்றது. ஹிராகுரி பதறிக் கையைப் பார்த்தார். அவர் விரல் பொத்தான்மேல் இல்லை. மறுபடி 'டிக்'. மறுபடியும். படலுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "அம்மா, இந்த வீட்ல இப்ப மொத்தம் எத்தனை பேரு? எழுதணும்."

"இருங்க சார், என்ன அவசரம்?" என்றாள் சுமியே உள்ளிருந்து, கோப்பைகளை எடுத்து வைத்தபடி. "இப்பத்தானே வந்திருக்காங்க. மொதல்ல ஒரு வாய் டீ குடிக்கட்டும்."